கொண்டப்பநாயக்கன்பட்டி: ஒரு சிற்றூரின் வரலாறும் இயல்பும்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம் மனக்கண்முன் தோன்றுவன கோட்டைகளும் கொற்றவர்களும் போர்க்களங்களுமேயாம். பாடசாலைப் பருவந்தொட்டு நாம் கற்ற நூல்கள் நம்மை அங்ஙனம் பழக்கிவிட்டன. ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் பிறந்தது கோட்டையுள்ள ஊரிலன்று. நூல்களிற் பெயர் பெறாத சிற்றூர்களிலேயே. அச்சிற்றூர்களுக்கும் வரலாறு உண்டு. அஃது ஊர்ப்பெயரிலும், வரிக்கணக்கிலும், ஏரிக்கரையிலும், ஊரார் கூடிப் பேசும் மரத்தடியிலும் எழுதப்பட்டுக் கிடக்கின்றது. அவ்வெழுத்தைப் படிக்கும் முறையை ஓர் ஊரைக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வூர், சேலம் நகருக்கு வடபால், சேர்வராயன் மலையடியில் உள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி. யான் வளர்ந்த ஊராதலின், பற்று மிகுந்து உண்மை குன்றாதபடி காத்துக்கொள்வேன்.

ஊர் என்பது யாது? வீடுகள் பல நெருங்கியிருத்தல் ஊரெனின், புகைவண்டி நிலையத்தருகே எழுந்த கடைவரிசையும் ஊராகும். பொதுவான ஒரு பொருளைப் பலர் கூடிக் காத்தற்பொருட்டு, கூடியிருந்து முடிவு செய்யும் இடமே ஊர் என்பது என் கருத்து. அப்பொதுப்பொருள் ஏரியாயிருக்கலாம், சுடுகாட்டு வழியாயிருக்கலாம், தெருவிளக்காயிருக்கலாம். இக்கருத்து பொருந்துமா என்பதை இனி வருவனவற்றால் அன்பர்கள் ஆராய்ந்து கொள்வார்களாக.

இருக்கை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பெருவழியிற் கோரிமேட்டைக் கடந்து வடக்கே சென்றால், இருபுறமும் வீடுகள் செறிந்த ஓர் ஊர் எதிர்ப்படும். நேரே நிமிர்ந்து நோக்கினாற் சேர்வராயன் மலைத்தொடர் நீலச்சுவரென வானை மறித்து நிற்கும். ஐயாயிரம் அடிக்கு மேலுயர்ந்த கொடுமுடியை உடையது அம்மலை. கிழக்கே சிறிது தொலைவிற் கன்னங்குறிச்சியும் அதன் ஏரியும். மேற்கே வெண்ணிறக் குவியல்களாய்த் தோன்றும் வெள்ளைக்கற் சுரங்கங்கள். தெற்கே நாளுக்கு நாள் விரிந்துவரும் நகரம். மலைக்கும் மாநகருக்கும் இடையிலுள்ள வாயிற்படியே எம்மூர். வாயிற்படியில் நிற்பவனுக்கு உள்ளும் தெரியும், புறமும் தெரியும். ஆயின் போவாரும் வருவாரும் அவனை மிதித்தே செல்வர். எம்மூரின் நலமும் குறையும் இவ்விருக்கையினின்றே பிறந்தன.

பெயர்

எழுத்துச் சான்று அரிதாகிய ஊர்க்கு அதன் பெயரே முதற் சாசனம். கொண்டப்பநாயக்கன்பட்டி என்னும் நெடும்பெயரில் மூன்று சொற்கள் அடங்கியுள்ளன. ‘கொண்ட’ என்பது தெலுங்கு மொழியில் மலையைக் குறிக்கும். கொண்டப்பன் என்பது அதனடியாகப் பிறந்த ஆட்பெயர். ‘நாயக்கன்’ என்பது விஜயநகரப் பேரரசின் காலத்திற் படைத்தலைவர்க்கும் பாளையத் தலைவர்க்கும் வழங்கிய பட்டம். ‘பட்டி’ என்பது ஆனிரை அடைக்கும் இடத்தையும், அதனைச் சூழ்ந்தெழுந்த சிறுகுடியிருப்பையும் உணர்த்தும் தமிழ்ச்சொல். தெலுங்குத் தலைவனொருவன் பெயரும் தமிழ்க்குடியின் மாட்டுப்பட்டியும் ஒருசொல்லாய் இணைந்து நிற்கும் இப்பெயர், 16ஆம் நூற்றாண்டிற்குப்பின் மதுரை நாயக்கராட்சி கொங்கு நாட்டிலும் பரவியதன் அடையாளமாகும். சேலம், நாமக்கல் பகுதிகளில் நாயக்கன்பட்டி என முடியும் ஊர்கள் பல. அவையெல்லாம் இவ்வொரு வரலாற்றின் கிளைகளே.

நாயக்கருக்கு அடங்கித் தாரமங்கலத்துக் கெட்டி முதலியார்கள் இந்நாட்டின் ஒரு பகுதியை ஆண்டனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் சிக்க தேவராய உடையார் காலத்தே இப்பகுதி மைசூராரின் கைப்பட்டது. பின்னர் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்டனர். ஆட்சியாளர் மாறினும் மலையடியில் ஆடுமாடு மேய்த்தோரும் கம்பும் சோளமும் விதைத்தோரும் மாறினாரல்லர். அவர்க்கு மாறியது ஒன்றே. வரி கொடுக்கவேண்டிய கை.

நிலமும் வரியும்

அவ்வரியின் வரலாறு எம்மூரைச் சுற்றியுள்ள பெயர்களிலே இன்றும் உறைந்து கிடக்கின்றது. சேலத்தைச் சூழ்ந்த ஊர்களின் பட்டியலை நோக்குவோர் சர்க்கார் கொல்லப்பட்டி, மஜ்ரா கொல்லப்பட்டி, அமானி கொண்டலாம்பட்டி என்னும் பெயர்களைக் காண்பர். சர்க்கார் என்பது அரசாங்கத்துக்கு நேரே உரிய நிலம். அமானி என்பது குத்தகைதாரர் இடையிலின்றி அரசாங்க அலுவலரே நேரில் வரி தண்டியது. மஜ்ரா என்பது தாயூரொன்றைச் சார்ந்த சிற்றூர். பாரசீக அரபிச் சொற்களாகிய இவை, கணக்கர் ஏட்டிலிருந்து இறங்கிவந்து, உழவர் நாவிற் குடியேறிவிட்டன. தன் ஊர்ப்பெயரிலுள்ள மஜ்ரா என்பதன் பொருள் அறியாமலே அதனை நாள்தோறும் சொல்பவர் பலர். அறியாமற் சுமக்கும் வரலாறும் வரலாறே அன்றோ?

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையினாற் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனிக்கு வந்தன. அலெக்ஸாண்டர் ரீட் என்னும் படைத்தலைவர் இவற்றை நிருவகிக்க அமர்த்தப்பட்டார். அவர்க்குத் துணையாய் வந்த இளைஞருள் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்து 1820 முதல் 1827 வரை சென்னைக் கவர்னராயிருந்தவர் அவரே. இவர்கள் 1799 வரை இந்நாட்டில் வயல்தோறும் அளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் அரசாங்கம் நேரே வரி பேசிக்கொள்ளும் முறையை வகுத்தனர். ரயத்துவாரி எனப்பட்ட அம்முறை பின்னர்த் தென்னிந்தியாவின் பெரும்பகுதியிற் பரவிற்று. நம் ஜில்லாவின் புன்செய்களே அதன் முதற் பாடசாலை என்பதைச் சேலத்தார் பலர் அறியார்.

ஆயின் அம்முறை இங்கே உடனே நிலைத்ததில்லை. 1802 முதல் நிலங்களை மிட்டாக்களாகப் பகுத்து ஏலத்தில் விற்கும் நிரந்தர ஏற்பாட்டைக் கம்பெனியார் கொணர்ந்தனர். ஏலம் எடுத்தவர் மிட்டாதார் எனப்பட்டார். விளைந்தாலும் விளையாவிடினும் குறித்த தொகையைச் செலுத்தவேண்டியிருந்தமையாற் பல மிட்டாக்கள் நிலுவையில் மூழ்கி மீண்டும் அரசாங்கத்தை அடைந்தன. எஞ்சியிருந்த மிட்டா முறையை 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் முடிவுக்குக் கொணர்ந்தது. மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் மட்டும் பரம்பரை வழியே நெடுங்காலம் நின்றனர். 1980இல் தமிழ்நாட்டரசு அப்பதவிகளை ஒழித்து, கிராம நிருவாக அலுவலர் என்னும் அரசுப் பணியாளரைப் பின்னர் அமர்த்தியது. ஊர்க்கணக்கு ஒரு குடும்பத்தின் உடைமையாயிருந்து பொதுவுடைமையான செய்தி இது. சிறிய செய்திபோற் றோன்றினும், பட்டாவுக்காக ஒரு வீட்டுத் திண்ணையிற் கைகட்டி நின்றோரின் பேரப்பிள்ளைகளுக்கு அதன் பெருமை தெரியும்.

நீர்

சேலத்துச் சமவெளியில் வற்றாத ஆறில்லை. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீர் மழைக்காலத்துச் சில நாள் ஓடைகளிற் சீறிப்பாய்ந்து, பின்னர் மணலையே காட்டும். திருமணிமுத்தாறும் அத்தகையதே, இம்மலைப்பகுதியிற் றோன்றிச் சேலம் நகரூடே சென்று நாமக்கல் நாட்டைக் கடந்து காவிரியிற் கலக்கும் அஃது, இன்று நகரத்துக் கழிவைச் சுமக்கும் துயரத்தை யாவரும் அறிவோம். ஓடும் நீரை நிறுத்தி வைக்க நம் முன்னோர் கண்ட உபாயமே ஏரி. மேலேரி நிரம்பினால் மறுகால் வழியாகக் கீழேரிக்கு நீர் செல்லும். ஆகவே மேலூரான் தன் கரையை உயர்த்தினாற் கீழூரான் வயல் காயும். மேலூரான் கரையைக் காவாது விட்டாற் கீழூரான் வீடு மூழ்கும். தனித்தனியே வாழ்வோம் என்னும் எண்ணத்தை ஏரி ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது.

கரை காத்தலும் மண்ணெடுத்தலும் மதகு செப்பனிடுதலும் குடிமராமத்து எனப்பட்டன. வீட்டுக்கோர் ஆள் வந்து உழைத்தல் வழக்கம். கம்பெனியாட்சியின் இறுதியாண்டாகிய 1858இல் இவ்வழக்கத்தைக் கட்டாயமாக்கச் சென்னை மாகாணத்துக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. ஊரார் தாமாகச் செய்துவந்ததற்குச் சட்டத்தின் கோல் வேண்டியதாயிற்று என்றால், அதற்குள்ளேயே ஊர்க்கட்டு தளர்ந்துவிட்டது என்பது தெளிவு. அடுத்த தலைமுறைக்குள் 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் வந்தது. 1871இல் ஏறத்தாழ 19½ இலட்சமாயிருந்த சேலம் ஜில்லாவின் மக்கட்டொகை 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாய்க் குறைந்தது என்பதொன்றே அக்கொடுமைக்குப் போதிய சான்று. மழையின்மை மட்டும் அதற்குக் காரணமன்று. தானிய வாணிகமும் அரசாங்கத்தின் பிடிவாதமும் துணைசெய்தன. எனினும் ஏரியைக் காவாத நாட்டுக்கு மழையின்மை எத்துணைப் பகையாகும் என்பதையும் அப்பஞ்சம் காட்டியது.

இவ்விடத்து ஒரு நற்செய்தியும் உண்டு. எம்மூர்க்கு அண்மையிற் கன்னங்குறிச்சியிலுள்ள மூக்கனேரி, கழிவும் குப்பையும் நிறைந்து பாழாய்க் கிடந்தது. 2010ஆம் ஆண்டிற் சேலத்து மக்கள் சிலர் ஒன்றுகூடி அதனைச் செப்பனிடத் தொடங்கினர். தூரெடுத்த மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுக்களாகக் குவித்து, அவற்றின்மேல் மரக்கன்றுகளை நட்டனர். மரங்கள் வளர்ந்தன, பறவைகள் வந்தடைந்தன. குடிமராமத்து என்னும் சொல் மறக்கப்பட்டிருந்தாலும் செயல் மறக்கப்படவில்லை என்பதற்கு அத்திட்டுக்களே சாட்சி.

மலையும் சுரங்கமும்

1820 முதல் 1829 வரை சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையிற் காப்பிப் பயிரைக் கொணர்ந்து நட்டார். அதுமுதல் மலை தோட்டமாயிற்று. மலையடி ஊர்கள் தோட்டத்துக்கு ஏறும் வழியாயின. பாதை அமையுமுன் மேல்நாட்டார் டோலியில் அமர்ந்து ஏற, நம்மவர் அவர்களைத் தோளிற் சுமந்து சென்றனர். இன்று இருபது கொண்டையூசி வளைவுகளை உடைய பாதை வழியே வண்டிகள் ஏறுகின்றன. மலைமேல் தொன்றுதொட்டு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்று கூறிக்கொள்வர். அவர்கள் விளைபொருளுடன் இறங்கிவருவதும், அடிவாரத்தார் கூலிக்கு ஏறிச்செல்வதும் எம்மூர்ப்பக்கத்துப் பழங்காட்சி.

மேற்கேயுள்ள வெண்குன்றுகளை ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்றழைத்தனர். அப்பெயர் பிழை, அங்கிருப்பது சாக்குக்கட்டிக்குரிய சுண்ணமன்று, மக்னசைட் என்னும் வெள்ளைக்கல். பெருவெப்பத்தைத் தாங்குமாதலின், எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவர்க்குரிய செங்கற்கள் இதனாற் செய்யப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமுதல் இக்கல் வெட்டி எடுக்கப்பட்டு வந்துள்ளது. கம்பும் சோளமும் விளைத்த குடியினர் பலர் சுரங்கக் கூலிகளாயினர். அதனால் இம்மலையடி ஊர்களில் உழவன், தோட்டக்கூலி, சுரங்கத் தொழிலாளி, நகரத்துக்கு வேலைக்குச் செல்வோன் ஆகிய நால்வரும் ஒரே தெருவில் வாழ்வர். இந்நால்வர்க்கும் பொதுவானது ஏரியா? அன்று. விளைநிலம் உடையோர்க்கே ஏரி வேண்டும். பின், நால்வரையும் ஒன்றாய்க் கூட்டுவது யாது? குழாய்நீரும் தெருவிளக்கும் சாக்கடையுமே. இங்குத்தான் ஊராட்சியின் வரலாறு தொடங்குகின்றது.

ஆட்சி

ஊராட்சி நம் நாட்டிற்குப் புதியதன்று என்பார், முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களைக் காட்டுவர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை, முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனொருவனைக்கொண்டு எடுப்பிக்கும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் மீண்டும் அமரலாகாது என்னும் விதி இன்றைக்கும் வியப்பளிப்பது. ஆயின் அங்ஙனம் தகுதி பெற்றவர் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதப்பயிற்சியும் உடைய அந்தணரே. பெண்டிர்க்கும் உழுகுடிக்கும் அக்குடத்தில் ஓலையில்லை. பழம்பெருமை பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசுதல் நேர்மையாம்.

புதுமுறை ஊராட்சி 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானத்தால் வித்திடப்பட்டது. 1884இற் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டமும், 1920இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. நாடு விடுதலை பெற்றபின் அரசியல் நிருணய சபையில் இப்பொருள் பற்றிப் பெருவாதம் நிகழ்ந்தது. 1948 நவம்பர் 4ஆம் நாள் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமம் குறுகிய நோக்கும் சாதிக்கட்டும் நிறைந்த இடமென்றும், தனி மனிதனையே அரசியலமைப்பின் அடிப்படையாகக் கொண்டது நன்றென்றும் கருத்துரைத்தார். அம்மாதமே நம் தமிழ்நாட்டவராகிய கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துக்களை அமைத்துத் தன்னாட்சிக்குரிய அதிகாரங்களை அளிக்க அரசு முயலவேண்டும் என்னும் திருத்தத்தைக் கொணர, அம்பேத்கரும் அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே அரசியலமைப்பின் 40ஆம் உறுப்பு. இருவர் கூற்றிலும் உண்மையுண்டு என்பதே இக்கட்டுரையின் உட்கிடை.

1958இற் புதிய சட்டத்தினால் ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் தமிழ்நாட்டிற் செம்மையாய் அமைந்தன. ஆயினும் தேர்தலை நடத்துவதும் நடத்தாதிருப்பதும் ஆள்வோர் விருப்பத்தைப் பொறுத்தனவாகவே இருந்தன. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தலைக் கடமையாக்கியது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதனை இங்குச் செயற்படுத்தியது. 1996இல் அச்சட்டத்தின்கீழ் முதல் தேர்தல் நடந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம் ஊராட்சி ஒன்றியத்துச் சிற்றூராட்சிகளுள் ஒன்றாய் இவ்வமைப்பிற் றன்னிடம் பெற்றது.

ஊராட்சியின் கடமைகள் பெரிய சொற்களால் விளங்குவன அல்ல. குடிநீர் வழங்கல், தெருவிளக்கேற்றல், உட்சாலை அமைத்தல், சாக்கடை ஒழுங்கு செய்தல், குப்பை அகற்றல், இடுகாடு சுடுகாடுகளைக் காத்தல் ஆகியன அவை. வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் முதலியனவும் மேலரசுகளின் மானியங்களும் வருவாய். தலைவரை ஊரார் அனைவரும் நேரே தேர்ந்தெடுப்பர். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிடல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாய் நிற்பது கிராமசபை. வாக்காளர் பட்டியலிற் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டன. மூவாயிரத்துக்கு மேற் பதினாயிரம் வரை மக்களுள்ள ஊரில் 200 பேரேனும் வந்தாலன்றிக் கூட்டம் கூட்டமாகாது. வரவு செலவுக் கணக்கு அங்கே படிக்கப்படும். எவரும் எழுந்து வினவலாம். சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் நம் சார்பாகப் பிறர் பேசுவர். கிராமசபையில் நாமே பேசுவோம். குடியாட்சி என்னும் சொல்லின் நேர்ப்பொருள் அவ்வொரு மன்றத்திலேதான் விளங்குகின்றது.

இருளும் ஒளியும்

இனி அம்பேத்கரின் அச்சத்துக்கு வருவோம். அது வீணச்சமன்று. மதுரை ஜில்லா மேலவளவில் ஊராட்சித் தலைமை தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. அங்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் என்பாரும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், தலைமை ஒதுக்கப்பட்டமையை ஏலாதார் பத்தாண்டுகள் ஊராட்சி நடவாதபடி செய்தனர். 2006இலேயே அங்குத் தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பதவியேற்றனர். ஊர் கூடித் தேரிழுக்க வேண்டும் என்பது பழமொழி. அத்தேரின் வடத்தைத் தொடும் உரிமை யாவர்க்குண்டு என்னும் வினாவைப் பழமொழி எழுப்புவதில்லை, சட்டம் எழுப்பிற்று. சிற்றூர்த் தன்னாட்சி நல்லதாவதும் தீயதாவதும் அவ்வினாவுக்கு ஊரார் கூறும் விடையைப் பொறுத்தது.

சிறிய ஊர் தன்னைத் தானே ஆளுதல் இயலுமோ என்று ஐயுறுவார்க்கு ஒரு தூரதேசத்துச் சான்று கூறுவேன். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே நாட்டில் 1837இல் இயற்றிய சட்டங்கள் நாடு முழுதும் ஊர்தோறும் தேர்ந்தெடுத்த மன்றங்களை அமைத்தன. அந்நாட்டு மேற்குக் கடலிலுள்ள உத்சீரா என்னும் சிறு தீவு 1924இல் தனியூராட்சியாயிற்று. இன்று அங்குள்ளோர் ஏறத்தாழ இருநூற்றுவரே. நம் பக்கத்து ஒரு தெருவிலும் அதனினும் மிக்கார் வாழ்வர்! 1925ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தீவின் மன்றத்துப் பன்னிரண்டு இடங்களுட் பதினொன்றிற் பெண்டிரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். மருத்துவச்சியாகிய ஓசா ஹெல்கெசன் தலைவரானார். நார்வேயின் முதற் பெண் ஊர்த்தலைவர் அவரே. தமிழ்நாட்டில் ஊராட்சி இடங்களிற் பாதியைப் பெண்டிர்க்கு ஒதுக்கும் சட்டம் வந்தது 2016இல். அதன்படி தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்.

அந்நாட்டு ஊர்மன்றத்தின் பணியும் நோக்கத்தக்கது. தொடக்கப்பள்ளி முதற் பத்தாம் வகுப்புவரை கல்வி, ஊர் மருத்துவர், முதியோர் பேணல் ஆகியன அதன் பொறுப்பு. தலைநகராகிய ஓஸ்லோவுக்கும் தீவாகிய உத்சீராவுக்கும் பொறுப்பு ஏறக்குறைய ஒன்றே. நம் அரசியலமைப்பும் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கனவாக 29 துறைகளைப் பட்டியலிட்டுள்ளது. ஆயினும் எம்மூர்ப் பள்ளியாசிரியரை அமர்த்துவதும் மருத்துவரை அமர்த்துவதும் ஊராட்சியின் கையில் இல்லை. அங்கே சிற்றூர்க்குப் பெரும்பணி. இங்கே பேரூர்க்கும் சிறுபணி. வேறுபாடு மக்கட்டொகையிலன்று, நம்பி ஒப்படைப்பதிலேயே உள்ளது. ஆயின் அங்கும் சிற்றூர்கள் அனைத்தும் நிலைத்தனவல்ல. 1930இல் 747ஆயிருந்த ஊராட்சிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு 2024இல் 357 ஆயின. சிறியது பெரியதிற் கலப்பது நலமா என்னும் வினா உலகப் பொதுவினா.

வாயிற்படியில் நின்று

அவ்வினா எம்மூரின் வாயிலிலும் நிற்கின்றது. சேலம் 1866இல் நகரசபையாயிற்று, 1994இல் மாநகராட்சியாயிற்று. நகரின் எல்லை விரியுந்தோறும் சுற்றியுள்ள பட்டிகளும் பாளையங்களும் வார்டு எண்களாய் மாறின. கோரிமேட்டைக் கடந்து வரும் எவரும் நகரம் எங்கே முடிந்தது, ஊர் எங்கே தொடங்கிற்று என்பதைக் கண்ணாற் காணமுடியாது. காணமுடியாத எல்லையைக் காப்பதேன் என்பார் உளர்.

இணைதலில் நலமில்லை என்று யான் கூறேன். பெருங்குழாய் நீரும், நிலத்தடிச் சாக்கடையும், அகன்ற சாலையும் சிற்றூராட்சியின் சிறு வருவாயில் அரியன. பழைய ஊர்க்கட்டினால் ஒடுக்கப்பட்டார்க்கு, எவரும் எவரையும் அறியாத நகரம் ஒரு விடுதலையுமாகும். மறுபுறம், வீட்டுவரி ஏறும். ஊரகத்தார்க்கென 2005இற் சட்டம் தொடங்கிவைத்த வேலையுறுதி நகரெல்லைக்குள் வாழ்வார்க்கு இல்லை. கூலிக்குச் செல்லும் தாய்மார்க்கு அவ்விழப்பு ஒரு பொருட்டே. கிராமசபையும் நீங்கும். நகரங்களிலும் 2022 முதற் பகுதிசபைகள் தோன்றியுள்ளன. எனினும் தலைவரும் கணக்கேடும் நேரே நம்முன் நிற்கும் அணிமை அவற்றிற்கு உண்டாதல் எளிதன்று. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டாரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் வந்தபோது, அணிமை என்பதன் அருமை பலர்க்குத் தெரிந்தது. விளக்கெரியாத தெருவினைப்பற்றி யாரிடம் சொல்வது என்று எம்மூர்ப் பாட்டிமார் வினவினர்.

ஆகவே ஊர் நகரோடு இணையலாம், இணையாதிருக்கலாம். அதனை முடிவு செய்யும்போது ஊராரைக் கூட்டிக் கேட்டனரா என்பதே என் வினா. கேட்கப்பட்டு இணைந்த ஊர் நகரத்துள்ளும் ஊராகவே வாழும். கேட்கப்படாத ஊர் தனித்திருப்பினும் வெறும் வீட்டுத்தொகுதியேயாம்.

பிறரைக் கேட்குமுன் என்னையே யான் கேட்டுக்கொள்ளவேண்டிய ஒன்றுண்டு. வாக்காளர் பட்டியலில் என் பெயர் ஏறி ஓராண்டு ஆயிற்று. உத்திரமேரூர்க் கல்வெட்டைப்பற்றிப் பரீட்சையில் இருபக்கம் எழுதி நன்மதிப்பெண் பெற்றேன். ஆயின் எம்மூர்க் கிராமசபையில் ஒருமுறையேனும் யான் அமர்ந்ததில்லை. ஆகஸ்டு 15ஆம் நாள் கல்லூரியிற் கொடியேற்றத்துக்குச் சென்று, மிட்டாய் பெற்று, மதியத்துக்கு வீடு திரும்பினேன். கூட்டம் அதற்குள் முடிந்திருந்தது. என்ன பேசினர் என்று என் தாயாரை வினவினேன். “தண்ணி பத்தித்தான். நீ படிச்ச புள்ள, வந்திருந்தா கணக்கைப் படிச்சுச் சொல்லியிருப்பியே” என்றார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கைப் படிக்கக் கற்ற எனக்கு, அவ்வாண்டுக் கணக்கைப் படிக்க நேரமில்லாது போயிற்று.

நம் கல்லூரி மாணவருட் பாதிக்கு மேற்பட்டார் இத்தகைய பட்டிகளிலிருந்தும் பாளையங்களிலிருந்தும் வருகின்றவரே என எண்ணுகின்றேன். அன்பர்காள்! நும் ஊர்ப்பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பாருங்கள். நும் ஏரியின் மறுகால் எங்குச் செல்கின்றதென்று ஒருநாள் நடந்து பாருங்கள். அடுத்த கிராமசபை நாளில் பாய்மீது அமர்ந்து கணக்கைக் கேளுங்கள். கணக்கறியாத முதியவர் ஒருவர் அருகிலிருப்பின் அவர்க்கு அதனைப் படித்துக் காட்டுங்கள். யானும் அங்ஙனமே செய்யத் துணிந்தேன். சேர்வராயன் மலை எத்துணையோ அரசுகளை மேலிருந்து பார்த்துவிட்டது. அதனடியிலுள்ள சிற்றூரார் கூடியிருந்து தம் விளக்கைத் தாமே ஏற்றிக்கொள்ளும் காட்சியையும் அது பார்க்குமாக.